காலை இரண்டு, இரவு இரண்டு

செப்டம்பர் 11

பதினோரு மணிக்கு வந்த பெண்ணுக்கு இடது புருவம் முடித்து வலது புருவத்துக்கு வந்தபோது நூல் சிவப்பாக இருந்தது. "ஐயோ அக்கா, அறுத்துட்டீங்களா?" என்று அவள் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் நாங்கள் திரெடிங் செய்வோம். ரத்தம் என் ஈறிலிருந்து வந்திருக்கிறது. இருபது வருடத் தொழிலில் இது முதல் முறை. மீதிப் புருவத்தை என் பார்லரில் வேலை பார்க்கும் மும்தாஜ் முடித்துக் கொடுத்தாள்.

காலில் நாலு இடத்தில் நீலம் கட்டியிருக்கிறது. எங்கேயும் இடித்த ஞாபகம் இல்லை. கட்டில் முனை என்று வைத்துக்கொள்வோம்.

செப்டம்பர் 14

பல் டாக்டர் என் பல்லைத் தொடவே இல்லை. எட்ட நின்று பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். சாயங்காலம் லேப்காரர் போன் செய்து, மெஷின் தப்பாகக் காட்டுகிறது, மறுபடி எடுக்க வேண்டும் என்றார். மறுபடி எடுத்தார்கள். மெஷின் மேல் தப்பில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் ஒன்றரை லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதாயிரம்.

சனி, ஞாயிறு இரண்டு மணப்பெண் அலங்காரம் இருக்கிறது. மும்தாஜை அனுப்ப வேண்டும்.

செப்டம்பர் 29

மதுரை ஆஸ்பத்திரி. இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். டாக்டர் அனுராதா நிதானமாகப் பேசுகிறவர். "இது கேன்சர் இல்லம்மா. உங்க எலும்புக்குள்ள ரத்தம் செய்யுற இடம் காலியாக் கிடக்கு. அதைக் காலி பண்ணினது வெளியாள் இல்ல, உங்க உடம்போட சொந்தக் காவல்காரனே. வீட்டுக்காரனைத் திருடன்னு நெனச்சு அடிக்கிறான்" என்றார். தமிழில் வாயில் நுழைகிற பெயர் ஒன்றும் இல்லை. கடுமையான அப்லாஸ்டிக் அனீமியா.

அந்தக் காவல்காரனை அடக்குவதுதான் வைத்தியம். வேறு ஒருவரின் மஜ்ஜையை மாற்றியும் வைக்கலாம். திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் என் தம்பி சுரேந்தரைச் சோதித்தார்கள். பாதிதான் பொருந்துகிறது. நாற்பது தாண்டிய எனக்குப் பாதிப் பொருத்தத்தில் ஆபத்து அதிகம் என்பதால் முதலில் மருந்து.

என் வீட்டுக்காரர் ஜெகதீசன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப பியூஸைப் பிடுங்கிட்டு வேலை பாக்கப்போறீங்க" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார்.

அக்டோபர் 9

மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பதாம். நாலு நாள் சொட்டுச் சொட்டாக ஏறும். முதல் ஒரு மணி நேரத்தில் கட்டிலே ஆடுகிற அளவுக்குக் குளிர். பல் கிட்டிப் போர்வைக்குள் கிடந்தேன். இவர் காதருகே வந்து, "கொள்ளு வாங்கிட்டு வரவா?" என்றார். அடிக்கக் கை எழவில்லை.

அக்டோபர் 21

உடம்பெல்லாம் தடிப்பு, மூட்டுக்கு மூட்டு வலி. இதுவும் எதிர்பார்த்ததுதானாம். எல்லாவற்றையும் எதிர்பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் சொல்வதில்லை.

நவம்பர் 4

வீட்டுக்கு வந்தாயிற்று. கிளம்பும்போது நர்ஸ் ஜெபக்கனி சிஸ்டர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து விதிகளைச் சொன்னார். பச்சைக் காய்கறி, தயிர், கடைச் சட்னி கூடாது. வீட்டுக்குள் பூ, பூந்தொட்டி கூடாது. கூட்டம் கூடாது. காய்ச்சல் நூறு தாண்டினால் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். சைக்ளோஸ்போரின் மாத்திரை காலையில் இரண்டு, இரவில் இரண்டு, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. "ஊசி காவல்காரனைப் படுக்கப் போட்டுருக்கு. மாத்திரைதான் எந்திரிக்க விடாம அமுக்கிப் பிடிச்சிருக்கு. விட்டீகன்னா மறுபடி கம்பைத் தூக்கிருவான்" என்றார்.

தினமும் எழுதி, வரும்போதெல்லாம் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். புது நோட்டு எதற்கு? பார்லர் புக்கிங் டைரி சும்மாதானே கிடக்கிறது என்று இதிலேயே தொடர்கிறேன். மேலே நல்ல நேரம், ராகு காலம், கீழே என் காய்ச்சல்.

காலை 2, இரவு 2. காய்ச்சல் இல்லை.

நவம்பர் 23

அட்டையைக் கிழித்தாலே அந்த மாத்திரையிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பி வீடு முழுக்கச் சுற்றுகிறது. மரநாய் புகுந்த மாதிரி. இவர் ஹாலில் உட்கார்ந்துகொண்டே, "எட்டு மணி ஆயிருச்சு போல" என்கிறார். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை.

காலை 2, இரவு 2. மஞ்சள் பை ஒன்று, சிவப்புப் பை ஒன்று ஏற்றினார்கள். மஞ்சள்தான் பிளேட்லெட். யாரோ மூன்று மணி நேரம் படுத்துக் கொடுத்தது. பெயர் சொல்ல மாட்டார்களாம்.

டிசம்பர் 14

குளியலறைக் கண்ணாடியைத் துடைத்தபோது பார்த்தேன். மேலுதட்டில் நிழல். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நிழல் இல்லை.

காலை 2, இரவு 2.

டிசம்பர் 28

இப்போது கன்னத்திலும் இறங்கிவிட்டது, கிருதா மாதிரி. சிஸ்டரிடம் கேட்டேன். "அந்த மாத்திரைக்கு முடி வளரும்மா. பயப்படாதீக" என்றார். திரெடிங் கூடாது, வாக்ஸ் கூடாது; பிளேட்லெட் இருபதாயிரத்தில் முகமெல்லாம் ரத்தப் புள்ளியாகிவிடும், கிருமி புகும். ஐம்பதாயிரம் தாண்டட்டும், ட்ரிம்மர் போடலாம் என்றார். கையும் லேசாக நடுங்குகிறது. அதுவும் மாத்திரைதான்.

இருபது வருடமாக ஊரில் உள்ள மேலுதட்டையெல்லாம் நான்தான் துடைத்து அனுப்பினேன். கிட்னி மாற்றி வைத்த ஒரு டீச்சர் பத்து நாளைக்கு ஒருமுறை வருவார். மாத்திரையால் முடி என்பார். "வேற மாத்திரை கேட்டு வாங்கக் கூடாதா டீச்சர்? இப்பிடியா ஆம்பள கணக்கா வளரவிடுறது?" என்று கேட்டிருக்கிறேன். கடை முழுக்க ஆள் இருக்கும்போது கேட்டேன். அதற்குப் பிறகு அவர் வந்தாரா என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.

ஜனவரி 8

நல்ல செய்தி இரண்டு. கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு முந்நூறில் கிடந்தது, இன்று 920. பிளேட்லெட் 31 ஆயிரம், பை ஏற்றாமலே. டாக்டர் அனுராதா மேஜையைத் தட்டினார்.

இரண்டாவது, நிவேதாவுக்குக் கல்யாணம். இவர் அக்கா பரிமளா மதினியின் ஒரே மகள். மார்ச் 3. அவள் பிறந்து பதினோராம் நாள் தொட்டிலில் போடும்போதே, "இவ கல்யாணத்துக்கு அலங்காரம் நான்தான், வேற எவளும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லி வைத்திருக்கிறேன். தாய்மாமன் நாங்கள்தான். மாலை போட்டுப் பொண்ணைக் கைப்பிடித்து மேடைக்குக் கூட்டிவர வேண்டும், தாலி ஏறும்வரை பின்னால் நிற்க வேண்டும். எல்லாப் போட்டோவிலும் இருப்போம். வெள்ளை அணு ஆயிரம் தாண்டினால் மாஸ்க் போட்டு அரை மணி நேரம் நின்றுவிட்டு வரலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

காலை 2, இரவு 2.

ஜனவரி 15

பொங்கலுக்கு மதினி வந்தார். வாசலிலேயே நின்றுதான் பேசினார், அதில் குறை இல்லை. மாஸ்க்கை இறக்கிக் காபி குடித்தேன். அவர் பேச்சு பாதியில் நின்றது. அப்புறம், "மேடையில நிக்கப்போறவ... கொஞ்சம் முகத்தைப் பாத்துக்க விமலா. மாப்பிள்ளை வீட்டுல நூறு கேள்வி கேப்பாக" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

காலை 2, இரவு 2.

ஜனவரி 18

காலை 2. இரவு.

ஜனவரி 24

காலை 2, இரவு 2. மும்தாஜ் வாசலில் நின்று, பட்டு ரவிக்கைக்கு எந்த நிற லிப்ஸ்டிக் என்று கேட்டாள். கை நடுக்கம் இன்று கொஞ்சம் குறைவு. ஐலைனர் எடுத்துக் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். நேராக வந்தது.

ஜனவரி 27

சாப்பிட்டு முடித்ததும் இவர், "என்ன, இன்னைக்கு அந்த நாத்தம் வரலையே?" என்றார். சளி பிடித்திருக்கும், மூக்கைச் சிந்துங்கள் என்றேன். இவருக்குச் சளி இல்லை.

காலை 2, இரவு 2.

பிப்ரவரி 1

மருந்துக் கடைக்குப் போக வேண்டிய நாள். அட்டைகள் மிச்சம் இருப்பதால் போகவில்லை. போன முறை கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள் போல என்று இவரிடம் சொன்னேன். இவர் அலமாரியைத் திறந்து பார்த்தார். மூடினார்.

உதட்டில் முடி குறைந்த மாதிரி இருக்கிறது. வெளிச்சத்தைப் பொறுத்தும் இருக்கலாம்.

பிப்ரவரி 5

ரத்தத்தில் மாத்திரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் லெவல் டெஸ்ட் நாளை. இந்த மூன்று நாளாக வீடெல்லாம் மரநாய்தான். இவர் முகத்தில் சிரிப்பு.

காலை 2, இரவு 2.

பிப்ரவரி 7

லெவல் சரியாக இருக்கிறதாம். ஆனால் வெள்ளை அணு 610, பிளேட்லெட் 19 ஆயிரம். டாக்டர் காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். சிஸ்டர் இந்த டைரியைப் புரட்டி, "எல்லாம் ஒழுங்காத்தான் போட்டிருக்கீக" என்றார். ஜனவரி பதினெட்டாம் தேதி பக்கத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு நகர்ந்தது.

ஏதாவது சின்னக் கிருமியாக இருக்கும். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்துநாலு நாள் இருக்கிறது.

பிப்ரவரி 13

காலை 2, இரவு 2. ஈறில் ரத்தம். கொஞ்சம்தான்.

பிப்ரவரி 20

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெள்ளை அணு 240. பிளேட்லெட் 8 ஆயிரம். நேற்று எடுத்த லெவலும் சரி. நேற்றைக்கு முன்னால் மூன்று நாள் மட்டும் மாத்திரையை முழுசாகப் போட்டால் அது சரியாகத்தான் வரும். டாக்டர் அனுராதா எங்களை உட்காரச் சொன்னார். நானும் இவரும் மட்டும் இருப்போம் என்று நினைத்தேன். சுரேந்தர் வந்திருந்தான். கவுன்ட் விழுந்துகொண்டே போவதால் இரண்டு நாள் முன்பே டாக்டர் இவருக்குப் போன் செய்து அவனை வரச் சொல்லியிருக்கிறார். அவன் மனைவி வெளியே நாலு மாசக் கைக்குழந்தையோடு நின்றாள்.

"மருந்து ரத்தத்துல சரியா இருக்கு, அப்பிடியும் கவுன்ட் விழுது. அப்ப இந்த மருந்து இவங்களுக்கு நிக்கலைன்னு அர்த்தம். இனி காத்திருக்க முடியாது. பாதிப் பொருத்தமா இருந்தாலும் தம்பி மஜ்ஜையை வச்சுருவோம்" என்றார் டாக்டர். அதற்கு முன்னால் என் மஜ்ஜையில் மிச்சம் இருப்பதையும் கீமோ கொடுத்து அழிக்க வேண்டும். பிழைக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. சுரேந்தர் மூன்று மாதம் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டானாம். "உனக்கு ரெத்தம் குடுத்தாலாச்சும் என்னைய திட்டுறதைக் குறைப்பியாக்கா?" என்று கேட்டுச் சிரித்தான். அவன் கை தொடைமேல் தட்டிக்கொண்டே இருந்தது. பயந்தால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் தட்டுவான்.

என்னால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

"டாக்டர், லெவல் பொய்" என்றேன்.

"லேப் பொய் சொல்லாதும்மா."

"லேப் இல்ல. நான்."

நானே சொன்னேன். ஜனவரி 18-இலிருந்து இரவு மாத்திரை போடவில்லை. பிப்ரவரியில் காலையிலும் ஒன்றுதான். டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்னால் மட்டும் முழுசாகப் போட்டேன். "ஏன்?" என்று டாக்டர் கேட்டார். மாஸ்க்கை இறக்கினேன்.

டாக்டர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "இன்னும் ஒரு வாரம் சொல்லாம இருந்திருந்தீங்கன்னா, வேலை செய்யுற மருந்தைத் தூக்கிப் போட்டுட்டு உங்க எலும்பைச் சுட்டிருப்பேம்மா" என்றார். பிறகு ஒரு சிவப்புப் பேனாவை இந்த டைரிமேல் வைத்து, "எதெது பொய், நீங்களே அடிங்க" என்றார்.

ஒவ்வொரு பக்கமாக அடித்தேன். சுரேந்தர் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். மாற்று மஜ்ஜையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முழு மாத்திரையோடு மூன்று மாதம் பார்ப்பார்கள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் தம்பிதான்.

வீட்டுக்கு வரும் வழியில் வாடிப்பட்டி தாண்டியதும் இவர் சாலையைப் பார்த்துக்கொண்டே, "நாத்தம் வரலைன்னு எனக்குத் தெரியும்டி. கேட்டா அழுவியேன்னு கேக்காம விட்டுட்டேன். நானும்தான் தப்பு" என்றார். இத்தனை வருடத்தில் இவர் குரல் உடைந்து இன்றுதான் கேட்டேன். கேட்டிருக்கலாமே என்று கத்தினேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். கார் டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டார், பாவம்.

இரவு 2. இது நிஜம்.

பிப்ரவரி 27

வெள்ளை அணு 210. கல்யாணத்துக்குப் போகக் கூடாது. அரை மணி நேரமும் கூடாது, பத்து நிமிஷமும் கூடாது. எந்த மேடையில் நிற்பதற்காக மாத்திரையை விட்டேனோ, அந்த மேடை போயே போய்விட்டது. யாரைக் குறை சொல்ல?

காலை 2, இரவு 2.

மார்ச் 3

காலை ஆறு மணி முகூர்த்தம். மூன்று மணிக்கே மும்தாஜ் மண்டபத்திலிருந்து வீடியோ கால் போட்டுவிட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். அவள் கை நடுங்கவில்லை. நல்ல கை. இவர் மட்டும் தனியாகப் பொண்ணைக் கூட்டிக்கொண்டு போனதை போனில் பார்த்தேன். மாலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஒன்பதரைக்கு வாசலில் ஹாரன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் கார். நிவேதா பட்டும் மாலையுமாக இறங்கி, மாலையைக் கழற்றிக் காருக்குள்ளேயே வைத்துவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு கம்பிக் கேட்டுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றாள். நான் திறக்கவில்லை.

"ஒங்ககிட்டக் காட்டாம போனா அலங்காரம் செல்லாது அத்தை" என்றாள்.

"மாஸ்க்கை இறக்கு. கிட்ட வராத. இடது பக்கம் திரும்பு." திரும்பினாள். "இடது புருவம் ஒரு நூல் தூக்கலா இருக்கு. அவசரப்பட்டுட்டா மும்தாஜ். மத்தபடி பரவால்ல." பரவாயில்லை என்பது பொய். அவ்வளவு அழகாக இருந்தாள்.

"நீங்க?" என்றாள். "ஒங்க முகத்தை நான் பாக்க வேணாமா?"

போட்டோக்காரர் பின்னாலேயே வந்திருந்தார். மாப்பிள்ளையும் இறங்கி நின்றார். மாஸ்க்கைக் கழற்றினேன். நிவேதா ஒரு நிமிஷம் பார்த்தாள். "மாமாவுக்கு இம்புட்டு அடர்த்தியா வரலையே அத்தை! பொறாமைப்படுவாரு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், கண்ணில் மை கலங்க. அழாதே, மை மூன்று மணி நேரம் போட்டது என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர் எடுத்துவிட்டார்.

காலை 2, இரவு 2.

ஏப்ரல் 9

வெள்ளை அணு 380. மஞ்சள் பை வாரம் இரண்டு.

ஏப்ரல் 30

540. சுரேந்தர் தினமும் போன் செய்து நம்பர் கேட்கிறான், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி.

மே 21

வெள்ளை அணு 1,150. பிளேட்லெட் 44 ஆயிரம். பை ஏற்றி மூன்று வாரமாகிறது. மாற்று மஜ்ஜைப் பேச்சை டாக்டர் மூடி வைத்துவிட்டார். முழுசாகக் குணமா என்று கேட்டேன். "மாத்திரையைக் கேளுங்க" என்றார். என்மேல் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும்.

காலை 2, இரவு 2.

ஜூன் 9

பிளேட்லெட் 58 ஆயிரம். மும்தாஜ் ட்ரிம்மரை ஸ்பிரிட்டில் துடைத்துக் கொண்டுவந்து என் நாற்காலியில் என்னையே உட்காரவைத்தாள். பத்து நிமிஷத்தில் முகம் திரும்பி வந்தது. மறுபடி வளரும், மறுபடி எடுப்போம். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று ஏன் எழுத வேண்டும்?

பழைய நோட்டில் கிட்னி டீச்சரின் நம்பரைத் தேடி எடுத்துப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். "இப்ப கடை தெறந்திருக்கா?" என்றார். வியாழன் நாலு மணிக்கு எழுதிக்கொண்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு இந்த டைரியில் முதல் புக்கிங். மும்தாஜ்தான் செய்வாள், நான் எட்ட உட்கார்ந்து பேசுவேன்.

ஜூன் 16

கல்யாண ஆல்பம் வந்தது. மதினியே கொண்டுவந்து கொடுத்தார். தாய்மாமன் படங்கள் வரும் பக்கத்தில் மேடைப் படத்துக்குப் பதில் எங்கள் கேட் படம். கம்பிக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் நிவேதா, இரண்டு பேரும் வாயைத் திறந்து சிரிக்கிறோம். என் உதடு பளிங்கு மாதிரி வழவழவென்று இருந்தது. கன்னத்திலும் ஒன்றும் இல்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பையும் துடைத்துவிட்டார்கள். பத்து வயது குறைத்திருக்கிறார்கள். "ஸ்டுடியோக்காரரே செஞ்சுட்டாரு, நான் ஒண்ணும் சொல்லல" என்றார் மதினி, நான் கேட்பதற்கு முன்பே.

ஸ்டுடியோவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நல்லாத்தானே க்ளீன் பண்ணிருக்கோம்?" என்றார் அந்தத் தம்பி.

"வேலை சுத்தம் தம்பி. நானும் இந்தத் தொழில்தான், எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பக்கத்தை மட்டும் மாத்தி அடிச்சுக் குடுங்க. மீசைய திருப்பி வச்சுருங்க."

"மீசையவா? அக்கா... வெளாடுறீங்களா?"

"இல்லப்பா. அன்னைக்கு அது இல்லாம இருந்திருந்தா இன்னைக்கு ஆல்பம் பாக்க நான் இருந்திருக்க மாட்டேன். ஒரு முடி கொறையக் கூடாது, சொல்லிட்டேன்."

ஹாலிலிருந்து இவர் எட்டிப் பார்த்து, "எட்டு மணி ஆயிருச்சு போல" என்றார்.

இரவு 2.